ஒரு மூட்டை நூல் தூரம்

மாமாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் வாயால் சொல்லி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுடன் பிறந்தவர். அம்மாவுக்கு நாலு வயது இளையவர். அது போதும்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மெஷின் ஓட்டுகிற வேலை இல்லை. நூல் எத்தனையாம் நம்பர் என்று சோதிக்கிற அறையில் வேலை. அங்கே கையால் சுற்றுகிற சக்கரம் ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்கு ஒன்றரை கஜம் நூல் ஏறும். எண்பது சுற்று ஆனதும் தானாக ஒரு மணி அடிக்கும். நூற்றிருபது கஜம். அதை அறுத்து எடுத்துத் தராசில் போட்டு நம்பர் சொல்ல வேண்டும். மெல்லிசு நூலுக்கு நம்பர் கூடும், தடி நூலுக்குக் குறையும். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான். மணி அடிக்கும் முன்பே மாமா "ஆச்சு" என்பார். சொல்லி வாயை மூடுவதற்குள் மணி அடிக்கும்.

மேஸ்திரிகள் சண்டைக்கு வருவார்கள். இந்த நூல் அந்த நம்பர் இல்லை, ஒழுங்காகப் பாரும் என்பார்கள். மாமா சத்தம் போட மாட்டார்.

"நான் சொல்லல. நூல் சொல்லுது."

மறுபடி சுற்றினால் அவர் சொன்னதேதான் வரும். அவர் சொன்னது தப்பு என்று அந்த மில்லில் ஒருத்தரும் காட்டியது கிடையாது. அங்கேதான் அவர் கெட்டுப்போனார் என்று நினைக்கிறேன்.

வெளியிலும் அவருக்கு அதே வேலைதான். சட்டைப் பையில் நாற்பதாம் நம்பர் நூல் ஒரு சின்ன உருண்டை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மேப் புத்தகத்தில் இருந்து கிழித்த தாள் ஒன்று நாலாக மடித்து இருக்கும். யார் எந்த ஊருக்குப் போனாலும் தாளை விரிப்பார். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நூலை இழுத்துப் பிடிப்பார். பிறகு அந்த நூலைத் தாளின் கீழே போட்டிருக்கிற மைல் கோட்டில் வைத்துப் பார்ப்பார். இவ்வளவு மைல் என்று சொல்லிவிடுவார். அவர் மதுரையைத் தாண்டிப் போனதே கிடையாது.

சுற்று என்றால் அவருக்கு ஆகாது. பஸ் சுற்றிப் போனால் கண்டக்டரிடம் கேட்பார். நடந்து போனால் அடுத்தவர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து போவார். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் அக்காவைப் பார்க்க வருவார். ஒரு வருஷம் ஆடித் தேர் அன்றைக்கு வந்தார். தேர் நிலைக்கு வர நேரமாகிக்கொண்டிருந்தது. நாலு ரத வீதியும் சுற்றாமல் குறுக்கே ஒரு தெரு வழியாக விட்டால் இந்நேரம் நிலைக்கு வந்திருக்கும் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவருக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல்.

"வாய மூடுலே. ஆண்டாளுக்கு ஊரச் சுத்தணும். ஒன்ன மாதிரி அவளுக்கு ஷிப்டுக்கு நேரமாகல."

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். அம்மா குட்டினால் மட்டும் சிரிப்பார். தாய் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அம்மா.

இன்னொரு தடவை எல்லாரும் பிளவக்கல் அணைக்குப் போனோம். கூமாப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தார் ரோடு வளைந்து போகிறது, நேரே போனால் பாதி நேரம்தான் என்று தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். வேலி, வாய்க்கால், மறுபடி வேலி. அம்மா செருப்பு சேற்றோடு போயிற்று. முள் குத்திக் காலில் ரத்தம். ஒரு தோப்புக்காரன் நாயை அவிழ்த்துவிட்டான். ரோட்டில் நடந்து வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நாங்கள் போய்ச் சேர்ந்தோம். என் தம்பி அவரை ஒரு பார்வை பார்த்தான். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் சொன்ன தூரம் சரிதான். வழிதான் தப்பு."

அன்றைக்கு நானும் சிரித்தேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் துபாயில் வெல்டர் வேலை வந்தது. அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா போகக் கூடாது என்றாள். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மாமா வந்தார். அம்மாவை எழுப்பி உட்கார வைத்தார். தாளை விரித்தார். துபாயில் ஒரு விரல், நம் ஊரில் ஒரு விரல், நடுவே நூல். கடலுக்கு மேலே நேர்கோடு.

"ஆயிரத்து எண்ணூறு மைல்க்கா. நாப்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு, பத்தொம்பது மைல் போகும். அப்ப எம்புட்டு? தொண்ணூத்தஞ்சு பவுண்டு. எங்க மில் மூட்டை ஒண்ணு நூறு பவுண்டு. ஒரு முனைய நம்ம வாசல்ல கட்டிட்டு மூட்டைய இவன் கையில குடுத்து விட்டா, துபாய் போய் எறங்கின பொறவும் மூட்டைல நூல் மிச்சம் கெடக்கும்."

அம்மா மில்லைப் பார்த்ததில்லை. ஆனால் மூட்டையைப் பார்த்திருக்கிறாள். ஒரு மூட்டைதானா என்று கேட்டாள்.

"ஒண்ணுதான். மெட்ராஸ் போகணும்னா ராத்திரி பூரா பஸ்ல குலுங்கணும். இவன் மூணரை மணி நேரத்துல வந்துருவான். கூப்பிட்டா வந்துருவான்க்கா."

அம்மா எழுந்து முகம் கழுவினாள். நான் துபாய் போனது அப்படித்தான். அதற்கப்புறம் யார் என்னைப் பற்றிக் கேட்டாலும், என் மகன் ஒரு மூட்டை நூல் தூரத்தில் இருக்கிறான் என்று சொல்வாளாம். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாதாம். அவளுக்குப் புரிந்தது.

ரெண்டு தடவை லீவில் வந்தேன். ரெண்டு தடவையும் திருவனந்தபுரத்துக்கு நேரே வருகிற விமானம். அங்கிருந்து தென்காசி வழியாக பஸ். முதல் தடவை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாமா நின்றுகொண்டிருந்தார். நல்லாருக்கியா என்று கேட்கவில்லை.

"முக்கா மணி நேரம் லேட்டு மாப்ள. எங்க நின்ன?"

செங்கோட்டையில் டீ குடித்தேன் என்றேன். அவருக்குத் திருப்தி. அவர் கணக்கில் டீ இல்லை, அவ்வளவுதான்.

விமானம் எல்லா நாளும் நேரே வராது, சில நாள் பம்பாய் போய்த்தான் வர வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூரம் கூடிப்போகும் என்று பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. அதை எழுதிவிடுகிறேன்.

அம்மா ஒரு வியாழக்கிழமை விடியும்போது செத்தாள். நெஞ்சு வலி. படுத்த பாயிலேயே போய்விட்டாள். தபால் ஆபீஸ் திறந்ததும் மாமா தந்தி கொடுத்தார். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் கணக்குச் சொன்னார். தந்தி இத்தனை மணிக்குப் போய்ச் சேரும். இத்தனை மணிக்கு ஏர்போர்ட். மூன்றரை மணி நேரம் விமானம். திருவனந்தபுரத்தில் இருந்து ஐந்து மணி நேரம். நள்ளிரவுக்குள் வந்துவிடுவான். எதற்கும் காலை வரை வைத்திருப்போம். ஐஸ் பாளம் வாங்கிவந்து மரத்தூள் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள்.

எங்களில் ஒரு முறை உண்டு. செத்தது பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் அதைப் போர்த்திவிட்டு, எடுக்கலாம் என்று சொன்னால்தான் எடுப்பார்கள். கொள்ளி வைக்கிற மகனுக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது. அம்மாவுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு மாமா.

எனக்குத் தந்தி மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிடைத்தது. ஒரு கட்டிடத்தின் மேலே நின்று கம்பி ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஆள் கையைக் காட்டினான். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. வியாழன் ஒரு மணியோடு ஆபீஸ் மூடிவிடும், வெள்ளி லீவு. சாவி வைத்திருந்த கிளார்க் வீட்டைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தேன். திருவனந்தபுரத்துக்கு அன்றைக்கு விமானம் இல்லை. பம்பாய்க்கு ஒரு சீட் இருந்தது. ஏறினேன்.

பம்பாயில் இறங்கும்போது விடிந்துவிட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த டெலிபோன் நம்பர் ஒன்றே ஒன்று. மாமாவின் மில் நம்பர். போன் போட்டேன். எடுத்தவரிடம் சொன்னேன். பம்பாய் வந்துவிட்டேன், சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன், எடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். அவர் நல்ல மனுஷன். உடனே ஒரு ஆளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார். ஆள் எட்டரை மணிக்கே வந்து சேதியைச் சொல்லிவிட்டான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

சேதியைக் கேட்டதும் மாமா சட்டைப் பையில் இருந்து அந்தத் தாளை எடுத்தாராம். செத்த வீட்டில், அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விரித்தாராம். நூலை இழுத்துப் பிடித்தாராம். கோடு கடலுக்கு மேலே போகிறது. பம்பாய் எங்கேயோ மேலே, கோட்டுக்கு வெளியே கிடக்கிறது.

"பம்பாய்ல அவனுக்கு என்ன சோலி? பம்பாய் வழிலயே இல்லையே" என்றாராம்.

கூட்டத்தில் ஒருத்தன், துபாய்க்காரன் பம்பாயில் இறங்கினால் தங்கத்தைக் கை மாற்றிவிட்டுத்தான் வருவான் என்றானாம். ரெண்டு பேர் ஆமாம் போட்டார்களாம். மாமா தாளை மடித்தாராம். பக்கத்து வீட்டு அக்கா கெஞ்சியிருக்கிறாள். அஞ்சு மணி வரைக்கும்தானே, பெத்த பிள்ளை, முகத்தைப் பார்க்கட்டும் என்று.  மாமா தம்பியிடம்தான் பேசினார்.

"நேரா வாரவன்னா ராத்திரியே வந்திருப்பான். இவன் நமக்காகப் பொறப்படல. அக்காவ இன்னும் போட்டு வைக்கக் கூடாதுலே."

ரெண்டு மணிக்கு எடுத்தார்கள். தம்பி கொள்ளி வைத்தான்.

பம்பாயில் திருவனந்தபுரத்துக்கு விமானம் மாறி, பஸ் பிடித்து, நான் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் எங்கள் தெருவுக்குள் வந்தேன். வீட்டு வாசல் ஈரமாக இருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். பெண்கள் குளித்த தலையோடு நின்றார்கள். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுச் சுடுகாட்டுக்கு ஓடினேன். எங்கள் பக்கம் வறட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே மண் பூசிவிடுவார்கள். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மண்ணில் விட்ட ஓட்டை வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

மாமா பம்புசெட்டில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு என்னைத் தேடி வந்தார். தம்பி கூட வந்தான்.

"பம்பாய்க்கு எதுக்குலே போன?"

"பிளேன் பம்பாய்க்குத்தான் இருந்துச்சு."

"அது சுத்துல்லா. சாவுக்கு வாரவன் எவனாவது சுத்திப் போவானா?"

கை ஓங்கிவிட்டேன். தாய்மாமன் மேல். தம்பி குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டான். மாமா நகரவில்லை. அடித்திருந்தால் வாங்கியிருப்பார். அடிக்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தம்பி என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். ஐஸ் நிற்கவில்லை, காலையிலேயே மொகம் மாற ஆரம்பிச்சிருச்சுன்னு மாமா சொன்னாரு, அதான்ணே எடுத்தோம் என்றான். கடைசியில் தலைமாட்டில் இருந்தவர் அவர் ஒருத்தர்தானாம். துணியை விலக்கிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லையாம். அந்த ஒரு பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா முகம் மாறிவிட்டது. நான் அதைப் பார்க்காததும் நல்லதுதான். பார்த்திருந்தால் கண்ணுக்குள் அதுதான் நின்றிருக்கும். போன லீவில் என்னை பஸ் ஏற்றிவிட்டபோது பார்த்த முகம் போதும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மறுபடி விமானம் ஏறினேன். அதை வைத்துத்தான் அங்கே படுத்துத் தூங்கினேன்.

தெருவில் எனக்கு வேறு பேர் வந்துவிட்டது. ஆத்தா பிணம் கிடக்கும்போது பம்பாயில் இறங்கித் தங்கம் விற்றவன். என் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில்கூட அதைக் கேட்டார்கள். தங்கம் கொண்டுவரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் தன் கணக்கு தப்பு என்றாகிவிடும்.

கல்யாணத்துக்கு அவரை அழைக்கவில்லை. தாய்மாமன் இல்லாத கல்யாணம். பெண் வீட்டில் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரோடு வந்துவிட்டேன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை போட்டேன். கேட், ஜன்னல், நெல் மெஷினுக்கு ஸ்டாண்டு. மாமா ரிட்டையர் ஆகியிருந்தார். ரோட்டின் எதிர்ப்பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். பட்டறைக்கு நேராக வரும்போது நடை மெதுவாகும். நான் முகமூடியை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அந்த வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கம் விமான டிக்கெட் போடுகிற கடை ஒன்று வந்தது. மாமா தினமும் அங்கே போய் நிற்கிறார் என்று தம்பி சொன்னான். எந்தக் கிழமை எந்த விமானம், எங்கே இறங்கும், எங்கே மாறும் என்று கேட்டுக் கேட்டு அந்தப் பையனைப் பாடாய்ப் படுத்துகிறாராம். எங்கே போகணும் தாத்தா என்று அவன் கேட்டால் பதில் வராதாம்.

ஒரு நாள் முற்பகல், பதினொரு மணி இருக்கும். பட்டறைக்குள் வந்துவிட்டார். கேட்காமல் இரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். நான் வேலையை நிறுத்தவில்லை. ஒரு வெல்டிங் ராடு தீர்ந்து நிமிரும் வரை காத்திருந்தார்.

"வியாழக்கெழமை திருவனந்தபுரத்துக்கு இல்லையாம். பம்பாய் போய்த்தான் வரணுமாம். விசாரிச்சேன்."

"எனக்குத் தெரியும்."

"நீ சொன்ன நேரத்துக்குத்தான் வந்துருக்க. அஞ்சுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

 புது ராடை எடுத்து மாட்டினேன்.

"அக்கா மொகம் மாறல மாப்ள."

கையை நிறுத்தினேன்.

"ஒண்ணும் ஆகல. மூக்குத்தி போட்ட எடங்கூடக் கறுக்கல. ஐஸும் கெடந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்கும். நான்தான் மாறிருச்சுன்னு சொன்னேன். வச்சிருந்து, நீ வராமப் போனா அக்காவுக்குக் கேவலம்னு பட்டுச்சு. மகன் வராத பொணம்னு எவனும் பேசிரக் கூடாதுன்னு."

வெளியே ஒரு லாரி போயிற்று. அது போகிற வரைக்கும் பொறுத்தேன்.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்றீய?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கு அது தெரிய வேண்டாமா என்று கேட்கிற மாதிரி.

"சரியானது ஒனக்குத் தெரியணும்லா."

அவ்வளவு வருஷமாக என்னிடம் இருந்தது ஒன்றுதான். அம்மா முகம் மாறிவிட்டது, பார்க்காதது நல்லது. அதையும் எடுத்துக்கொண்டார். அவர் கணக்கு நேராக வேண்டும், அதற்காக. இனிமேல் எனக்குத் தெரியும். நான் தென்காசியில் பஸ் மாறிக்கொண்டிருந்தபோது அம்மா முகம் அம்மா முகமாகவே இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். என்னைத் தவிர.

"எந்திரிங்க" என்றேன்.

எழுந்தார். நின்றார். மன்னிச்சிரு என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறு வருஷம் தை மாதம் செத்தார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரி வேட்டியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போனேன்.

முன்கட்டில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எனக்கு வழி விட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்தேன். யாரோ துணியை விலக்கினார்கள். முகத்தைப் பார்த்தேன். தாடை கட்டியிருந்தது. நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. மீசையை யாரோ சீவிவிட்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெகு நேரம் பார்த்தேன். ஒருவரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

கோபம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.